ஆயத்தப் பொருளும் ஆய்ந்தெடுத்த கலைஞரும்

கல்லில் உருவம் காணும் சிற்பியையும், வண்ணத்தில் உலகம் படைக்கும் ஓவியரையும், ஓசையால் உள்ளம் உருக்கும் இசைவாணரையும் கலைஞர் எனப் போற்றுவதில் எவருக்கும் தடையில்லை. அவர்கள் தம் கையால் உழைத்தவர்கள், ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள், அவர்தம் பயிற்சியின் அருமையை நம் கண்ணும் செவியும் உடனே உணர்ந்துகொள்கின்றன. ஆனால், கடைக்குச் சென்று ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி, அதன்மீது கையொப்பமிட்டு, இதுவும் ஒரு கலைப்படைப்பே என்று உலகின்முன் நிறுத்திய ஒருவரை என்னவென்று அழைப்பது? கலைஞர் என்பதா, குறும்பர் என்பதா, சிந்தனையாளர் என்பதா?

இவ்வினாவுக்கு உரியவர் பிரான்சு நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1968ஆம் ஆண்டு மறைந்த மார்சல் டுஷாம்ப் ஆவார். இருபதாம் நூற்றாண்டுக் கலையைப் பற்றி எழுதுவோர் அவரைப் புகழலாம், இகழலாம். கடந்து செல்ல இயலாது. அவர்தம் வாழ்வை நம் மாணவர்க்கு அறிமுகம் செய்வதும், அவர் எழுப்பிய வினா இன்றும் நமக்கு ஏன் வேண்டும் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பிறப்பும் குடும்பமும்

வட பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள பிளாங்வில் என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் டுஷாம்ப் பிறந்தார். தந்தையார் ஆவணங்களை எழுதி உறுதிசெய்யும் நோட்டரி. தாய்வழிப் பாட்டனார் செதுக்கோவியம் வல்லவர். அப்பாட்டனாரின் படங்கள் வீட்டுச் சுவர்களை அணிசெய்தன. அவ்வீட்டில் வளர்ந்த ஆறு மக்களுள் நால்வர் கலைத்துறையை மேற்கொண்டனர். மூத்த தமையனார் ழாக் வியோன் என்னும் புனைபெயரில் ஓவியராகவும், இளைய தமையனார் ரேமோன் டுஷாம்ப்-வியோன் சிற்பியாகவும், தங்கை சூசான் ஓவியராகவும் பெயர் பெற்றனர்.

பிள்ளைகள் சட்டமோ மருத்துவமோ பயிலவேண்டும் என விழையாத பெற்றோர் எந்நாட்டிலும் அரியர். எனினும் அந்நோட்டரி தம் மக்களின் விருப்பத்திற்கு அணை போடவில்லை. கலை பயின்ற மக்களுக்கு அவர் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். ஆனால் ஒவ்வொருவருக்கும் அளித்த தொகையைக் கணக்கெழுதி வைத்து, பின்னாளில் அவரவர்க்குரிய பங்கிலிருந்து கழித்துக்கொண்டார். அன்பும் நீதியும் ஒருங்கே அமைந்த தந்தை எனின் மிகையன்று.

ரூவான் நகரில் பள்ளிப்படிப்பை முடித்த டுஷாம்ப், 1904ஆம் ஆண்டு பாரிசு சென்று ஓவியம் பயின்றார். கட்டாயப் படைப்பணியின் காலத்தைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டு, அச்சகம் ஒன்றில் தொழில் கற்றுக் கைவினைஞர்க்குரிய தேர்வை எழுதினார். அத்தேர்வில் அவர் அச்சிட்டுக் காட்டியவை தம் பாட்டனாரின் செதுக்கோவியங்களே. எந்திரத்தின் வாயிலாக ஒரே படம் பல படிகளாகப் பெருகுவதை இளமையிலேயே அவர் கைதொட்டு அறிந்திருந்தார் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளுதல் நலம்.

திருப்பி எடுத்துச்செல்லப்பட்ட ஓவியம்

அக்காலத்தில் பாரிசு நகரின் இளைய ஓவியரிடையே கனவடிவியம் எனும் கியூபிசம் ஓங்கியிருந்தது. டுஷாம்பும் அந்நெறியில் வரைந்தார். மாடிப்படியில் இறங்கும் உருவம் ஒன்றின் அடுத்தடுத்த அசைவுகளை ஒரே திரையில் அடுக்கிக் காட்டும் ஓவியம் ஒன்றை 1912ஆம் ஆண்டில் அவர் முடித்தார். அதன் தலைப்பில் நிர்வாணம் என்னும் சொல் இருந்தது. ஓவியத்திலோ பழுப்பு நிறத் தகடுகள் சரிந்து விழுவதுபோன்ற வடிவங்களே தென்பட்டன; மனித உடலைத் தேடிப் பார்ப்பவர் ஏமாற்றமே அடைவர்.

தேர்வுக்குழு இல்லாத கண்காட்சி எனப் பெயர்பெற்றிருந்த தன்னுரிமைக் கலைஞர்களின் பாரிசுக் கண்காட்சிக்கு இவ்வோவியம் அனுப்பப்பட்டது. கனவடிவியத்தாரின் அறையில் அதனை வைத்த பின்னர், அவ்வணியினரே மனம் சுளித்தனர். தலைப்பு தம் கொள்கையை எள்ளுவதுபோல் உள்ளது என்பது அவர்தம் குறை. தலைப்பையேனும் மாற்றும்படி தம்பியிடம் சொல்லுமாறு தமையன்மார் இருவரையும் தூதனுப்பினர். டுஷாம்ப் வாதிடவில்லை, வாடகை வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு சென்று ஓவியத்தை எடுத்துவந்துவிட்டார்.

புதுமைக்காகப் போராடும் குழுவினரும் தமக்குள் ஒரு வேலியை எழுப்பிக்கொள்கின்றனர் என்பதை 25 வயதும் நிரம்பாத அவ்விளைஞர் அன்று உணர்ந்தார். குழுக்களில் சேர்ந்து இயங்கும் விருப்பம் அன்றே அவரை விட்டு நீங்கியது. அதே ஓவியம் 1913ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற ஆர்மரி கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, மக்கள் திரள்திரளாக வந்து பார்த்தனர். நாளிதழ்கள் கேலிச்சித்திரம் வரைந்தன. பாரிசில் மறுக்கப்பட்ட ஓவியத்தால் டுஷாம்ப் கடல் கடந்த நாட்டில் ஒரே மாதத்தில் புகழ்பெற்றவரானார்.

சுழன்ற சக்கரம்

புகழ் வந்த வேளையில் வேறொருவராயின் அதே பாணியில் நூறு ஓவியம் வரைந்து பொருளீட்டியிருப்பார். டுஷாம்ப் அவ்வாறு செய்யவில்லை. பாரிசில் உள்ள செயின்ட் ஜெனிவீவ் நூலகத்தில் உதவியாளராகப் பணியில் அமர்ந்தார். கணிதமும் வடிவியலும் கற்றார். ஒரு மீட்டர் நீளமுள்ள நூலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மும்முறை விழவிட்டு, அது விழுந்த வளைவுகளை அப்படியே ஒட்டிவைத்து, அவற்றையே தமக்குரிய அளவுகோல்களாக ஆக்கிக்கொண்டார். நாட்டுக்கு நாடு ஒன்றாய் அமைந்த அளவுகோலும் மனிதரின் உடன்பாட்டால் நிலைபெற்றதே என்பதை அச்செயல் சுட்டிற்று.

1913ஆம் ஆண்டில் மிதிவண்டியின் முன்சக்கரம் ஒன்றை அதன் கவையோடு தலைகீழாகச் சமையலறை ஸ்டூல் ஒன்றின்மேல் பொருத்தித் தம் அறையில் வைத்தார். அதனைக் கண்காட்சிக்கென அவர் செய்யவில்லை; சுழலும் சக்கரத்தைக் காண்பது அடுப்பில் எரியும் தீயைக் காண்பதுபோல் அவருக்கு அமைதியளித்தது. மறு ஆண்டு, பாரிசின் பெரிய பலசரக்கு அங்காடி ஒன்றில், கழுவிய புட்டிகளைக் கவிழ்த்து உலர்த்தும் இரும்புச் சட்டகம் ஒன்றை வாங்கினார். அடுக்கடுக்காய் முள் நீட்டி நிற்கும் அச்சட்டகம் அந்நாளில் பிரெஞ்சு வீடுகளில் சாதாரணமாய்க் காணப்பட்ட ஒன்று. அதில் அவர் ஒரு மாற்றமும் செய்யவில்லை. வாங்கினார், வைத்தார், அவ்வளவே.

இதற்கிடையே 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. இதயக் குறைபாட்டால் டுஷாம்ப் படைப்பணியிலிருந்து விலக்களிக்கப்பெற்றார். தமையன்மார் போர்க்களம் சென்றனர். அவருள் சிற்பியான ரேமோன், போர்ப்பணியில் பற்றிய நோயினால் 1918ஆம் ஆண்டு மாண்டார். டுஷாம்ப் 1915ஆம் ஆண்டு சூன் திங்களில் கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். அங்கு அவருக்கு வயிறு வளர்க்க உதவியது ஓவியமன்று; பிரெஞ்சு மொழி கற்பித்தலே. வால்ட்டர் அரென்ஸ்பர்க் என்னும் செல்வர் அவர்தம் நண்பராகவும் புரவலராகவும் அமைந்தார்.

சொல் பிறந்த கதை

அமெரிக்காவில் அந்நாளில் தையற்காரர் அளவெடுத்துத் தைக்கும் ஆடைக்கு மாறாக, ஆலையில் முன்னரே தைத்து அடுக்கிவைத்த ஆடைகள் பெருகியிருந்தன. அவற்றை ரெடிமேட் என்றனர். நம் ஊர்க் கடைத்தெருக்களின் பெயர்ப்பலகைகளிலும் இச்சொல் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம். ஆயத்த ஆடை என்பது அதன் தமிழ் வழக்கு. டுஷாம்ப் அக்கடைச் சொல்லையே எடுத்துத் தாம் தேர்ந்த பொருள்களுக்குப் பெயராகச் சூட்டினார். ஆயத்தப் பொருள் என நாம் அதனை வழங்கலாம்.

1915ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கின் இரும்புச் சாமான் கடை ஒன்றில், தெருவில் விழும் பனியை வாரித் தள்ளும் அகன்ற மண்வாரி ஒன்றை அவர் வாங்கினார். அதன்மேல் தம் பெயரையும் ஆண்டையும் எழுதி, முறியப்போகும் கையை முன்னுணர்த்தும் பொருள்பட ஒரு தலைப்பையும் தீட்டி, கூரையிலிருந்து தொங்கவிட்டார். அதனைத் தொடர்ந்து எஃகுச் சீப்பு ஒன்று, தட்டச்சுப் பொறியின் உறை ஒன்று, தரையில் ஆணியடித்து இறுக்கிய உடைமாட்டும் பலகை ஒன்று என்றவாறு சில பொருள்கள் சேர்ந்தன. இரு பித்தளைத் தகடுகளுக்கிடையே ஒரு நூற்கண்டை வைத்து முடுக்கிய படைப்பும் அவற்றுள் ஒன்று. அந்நூற்கண்டின் உள்ளே அரென்ஸ்பர்க் ஏதோ ஒரு சிறு பொருளை இட்டார். குலுக்கினால் ஒலிக்கும் அது யாதென டுஷாம்ப் இறுதிவரை அறியவில்லை, அறிய விரும்பவுமில்லை.

இப்பொருள்களைத் தேர்ந்ததில் அவர்க்கு ஒரு விதி இருந்தது. அழகியது எனக் கண் கவர்ந்ததையும் தேரலாகாது. அருவருப்பானது என மனம் வெறுத்ததையும் தேரலாகாது. விருப்பும் வெறுப்பும் அற்ற நிலையில் ஒன்றைத் தேர்தல் வேண்டும். சுவை என்பது பழக்கத்தின் விளைவே என்பது அவர் கருத்து. ஆகவேதான் ஆயத்தப் பொருள்களின் எண்ணிக்கையை அவர் வேண்டுமென்றே குறைவாக வைத்துக்கொண்டார். பலவாயின் அதுவும் ஒரு பழக்கமாகிவிடும் என அஞ்சினார்.

பாரிசில் விட்டுவந்த சக்கரமும் சட்டகமும் என்னவாயின? அவர் அறையைத் துப்புரவு செய்த தங்கை சூசான், வேண்டாப் பொருள்கள் என்று கருதி அவற்றை அகற்றிவிட்டார். புட்டிச் சட்டகத்தில் தம் பெயரால் கையொப்பமிடும்படி 1916ஆம் ஆண்டு தொடக்கத்தில் டுஷாம்ப் கடிதம் எழுதியபோது சட்டகம் அங்கு இல்லை. கலைப்படைப்புக்கும் கழிபொருளுக்கும் இடையே உள்ள கோடு எத்துணை மெல்லியது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

1917ஆம் ஆண்டின் சோதனை

இனி, டுஷாம்பின் வாழ்வில் மிகுதியும் பேசப்படும் நிகழ்ச்சிக்கு வருவோம். சபையில் பெயர் சொல்ல நா கூசும் பொருள் அது. எனினும் வரலாற்றை மறைத்து எழுதுதல் கல்விக்கு அழகன்று.

நியூயார்க்கில் தன்னுரிமைக் கலைஞர் கழகம் என்னும் அமைப்பு 1916ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றியது. டுஷாம்ப் அதன் இயக்குநருள் ஒருவர். ஆறு டாலர் கட்டணம் செலுத்தும் எவரும் தம் படைப்பைக் காட்சிக்கு வைக்கலாம், தேர்வுக்குழு இல்லை, பரிசு இல்லை, பெயர்களின் அகரவரிசைப்படியே படைப்புகள் அடுக்கப்பெறும் என்பன அதன் விதிகள். முதற் கண்காட்சி 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் தொடங்கவிருந்தது. ஏறத்தாழ 2,500 படைப்புகள் வந்து குவிந்தன.

அவற்றிடையே ஆர். மட் என்னும் பெயரில் ஒரு பொருள் வந்தது. கட்டணமும் முறையாகச் செலுத்தப்பட்டிருந்தது. அது ஆடவர் சிறுநீர் கழிக்கும் வெண்பீங்கான் கலம். சுவரில் பதிக்கும் நிலையினின்று மாற்றி, மல்லாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் கறுப்பு எழுத்தில் அப்பெயரும் ஆண்டும். தலைப்போ, நீரூற்று.

இயக்குநர் குழு பிளவுபட்டது. கட்டணம் செலுத்தியவரை மறுக்க நமக்கு உரிமையில்லை என ஒரு சாரார் வாதிட்டனர். இது எவ்வகையிலும் கலையன்று, நல்லொழுக்கத்திற்கும் ஏலாது என மறு சாரார் சினந்தனர். சிறு வாக்கு வேறுபாட்டில் அப்பொருள் மறுக்கப்பட்டது. டுஷாம்பும் அரென்ஸ்பர்க்கும் உடனே பதவி விலகினர். புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் அக்கலத்தைத் தம் கூடத்தில் வைத்துப் படமெடுத்தார். அப்படம் மே திங்களில் ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. மட் அதனைத் தம் கையால் செய்தாரா என்பது வினாவன்று. அவர் அதனைத் தேர்ந்தார், பழைய பயன் மறையுமாறு புதிய பெயரும் பார்வையும் தந்தார் என்னும் கருத்தில் கட்டுரை ஒன்றும் உடன் வந்தது. பின்னர் அக்கலம் எங்கோ தொலைந்தது. எஞ்சியது புகைப்படம் ஒன்றே.

அதனை அனுப்பியவர் தாமே என டுஷாம்ப் பிற்காலத்தில் ஒப்பினார். ஆயினும் 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், தம் தோழி ஒருவர் ஆண்பெயர் புனைந்து அனுப்பியதாக அவர் குறித்துள்ளார். அத்தோழி ஜெர்மானியக் கவிஞர் எல்சா வான் ஃபிரைடாக் லோரிங்கோவன் ஆகலாம் எனச் சில ஆய்வாளர் கூற, வேறு சிலர் மறுக்கின்றனர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட அளவில், கழிகலமும் கலையா என நம் பெரியோர் முகம் சுளிப்பது இயல்பே. அதில் தவறும் இல்லை. ஆயினும் அன்று சோதனைக்கு உள்ளானது பீங்கான் கலம் மட்டுமோ? ஒரு கழகத்தின் வாய்மையும் சோதனைக்கு உள்ளாயிற்று. எவரையும் மறுக்கமாட்டோம் என அச்சிட்டு வாக்களித்தவர், தமக்கு ஒவ்வாத முதற்பொருள் வந்ததுமே நீதிபதிகளாக மாறினர். தேர்வு வேண்டும் எனக் கருதினால் தேர்வுக்குழு உண்டு என முன்னரே அறிவித்திருக்கலாம், அது குற்றமன்று. வாக்களித்துவிட்டு வழுவியதே குற்றம். ஐந்தாண்டுக்கு முன் பாரிசில் கண்ட அதே காட்சியை டுஷாம்ப் இங்கும் கண்டார். அமைப்புகளை நடத்துவோர்க்கெல்லாம் இதில் ஒரு பாடம் உண்டு.

பெரிய கண்ணாடியும் சதுரங்கமும்

டுஷாம்ப் உழைப்புக்கு அஞ்சிக் கடைப்பொருளை நாடினார் எனக் கருதுவோர் அவருடைய பெரிய கண்ணாடி என்னும் படைப்பை நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ ஒன்பதடி உயரமுள்ள கண்ணாடியில் ஈயக் கம்பி, ஈயத் தகடு, வண்ணம், படிந்த தூசு ஆகியவற்றைக் கொண்டு 1915 முதல் 1923 வரை எட்டாண்டுகள் அவர் உழைத்தார். முற்றுப்பெறாத நிலையிலேயே அதனை நிறுத்தினார். புரூக்ளின் கண்காட்சியில் வைத்துத் திரும்பக் கொணர்கையில் வண்டியின் குலுக்கலில் அது நொறுங்கிப்போயிற்று. 1936ஆம் ஆண்டு பல வாரங்கள் அமர்ந்து துண்டுகளை ஒன்றுசேர்த்தார். விரிசல்களை மறைக்க முயலவில்லை. அவற்றையும் படைப்பின் பகுதியாக ஏற்றுக்கொண்டார்.

1919ஆம் ஆண்டு பாரிசில் ஒரு பல் மருத்துவர்க்குக் கட்டணமாக, வங்கிக் காசோலை ஒன்றை எழுத்துக்கு எழுத்து தம் கையாலேயே வரைந்து அளித்தார். அச்சிட்டது போன்று தோன்றும் அக்காசோலையை மருத்துவரும் மகிழ்ந்து ஏற்றார். பல ஆண்டுகள் கழித்து, அதில் எழுதிய தொகையினும் மிகுதியாகக் கொடுத்து டுஷாம்பே அதனைத் திரும்ப வாங்கினார். ஆலைப்பொருளைக் கலையாக்கிய அதே மனிதர், கலைத்திறத்தால் ஓர் அச்சுப்பொருளைச் செய்துகாட்டியதை நோக்குக. ரெம்பிராண்ட்டின் ஓவியம் ஒன்றைத் துணி தேய்க்கும் பலகையாகப் பயன்படுத்தலாம் என அவர் குறித்துவைத்ததும் இவ்வகையினதே. மதிப்பு பொருளில் உறைகிறதா, நாம் அதனை வைக்கும் இடத்தில் உறைகிறதா என்பதையே அவர் இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

1923ஆம் ஆண்டிற்குப்பின் அவர் கலையைத் துறந்து சதுரங்கத்தில் மூழ்கினார் என உலகம் நம்பியது. அவ்வாட்டத்தில் அவர் பெற்ற தேர்ச்சியும் சிறிதன்று. 1925ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கூட்டமைப்பு அவருக்கு மாஸ்டர் தகுதி வழங்கியது. 1928, 1930, 1931, 1933ஆம் ஆண்டுகளில் ஒலிம்பியாட் போட்டிகளில் பிரான்சு அணிக்காக ஆடினார். இவற்றுள் பின் மூன்று போட்டிகளிலும் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் பிரித்தானிய அணியில் முதல் வரிசை ஆட்டக்காரராக விளங்கினார் என்பது நாம் பெருமையுடன் அறியத்தக்க செய்தி. மும்முறை பிரித்தானியச் சாம்பியனான அம்மேதைக்கு உலகக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டில்தான் மறைவுக்குப் பிந்தைய கிராண்ட்மாஸ்டர் சிறப்பை வழங்கியது. மதிப்பு காலந்தாழ்த்தி வருவது கலைத்துறையில் மட்டும் நிகழ்வதன்று.

பெட்டிக்குள் ஓர் அருங்காட்சியகம்

1935ஆம் ஆண்டு முதல் டுஷாம்ப் வேறொரு பணியில் ஈடுபட்டார். தம் படைப்புகளையெல்லாம் சிறு வடிவில் அச்சிட்டும் செய்தும் ஒரு பெட்டிக்குள் அடக்கினார். வணிக முகவர் கைப்பெட்டியைத் திறந்து சரக்கைக் காட்டுவதுபோல், அப்பெட்டியைத் திறந்தால் அவர்தம் வாழ்நாட் படைப்புகள் விரியும். தொலைந்துபோன பீங்கான் கலமும் விரலளவில் அதனுள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை பாரிசைப் பிடித்திருந்தபோது, பாலாடைக்கட்டி வணிகர் எனப் பயண அனுமதி பெற்று, பெட்டிக்குரிய பொருள்களைச் சிறிது சிறிதாகத் தென்பகுதிக்குக் கடத்திச்சென்றார். 1942ஆம் ஆண்டு மீண்டும் நியூயார்க் சேர்ந்தார். 1955ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

எளிய அறை, குறைந்த உடைமை, அமைந்த பேச்சு என்பவையே அவர் வாழ்வின் இலக்கணம். கலையைத் துறந்துவிட்டார் என ஊர் பேசிக்கொண்டிருந்த நாளில், 1946 முதல் 1966 வரை இருபதாண்டுகள் மறைவாக உழைத்து ஒரு பெரும் படைப்பை முடித்துவைத்தார். அது அவர் மறைந்தபின் 1969ஆம் ஆண்டில்தான் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் வெளிப்பட்டது.

படிகளின் முரண்

1950களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளங்கலைஞர் அவரைத் தேடி வரலாயினர். 1963ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் அவர்தம் வாழ்நாட் படைப்புகளின் முதற் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அப்போது அவர் வயது 76. ஆனால் ஆயத்தப் பொருள்களின் மூலங்களுள் பல தொலைந்துபோயிருந்தன.

1964ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரக் கலைவணிகர் அர்ட்டூரோ ஷ்வார்ஸ், டுஷாம்பின் ஒப்புதலுடன் அவற்றைப் படியெடுத்தார். பழைய புகைப்படங்களைப் பார்த்து அளவு வரைந்து, கைவினைஞரைக் கொண்டு ஒவ்வொன்றிலும் எட்டுப் படிகள் செய்வித்து, டுஷாம்பின் கையொப்பமும் எண்ணும் இடப்பெற்று விற்பனைக்கு வந்தன. இதில் உள்ள முரணை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த பொருள், கலைஞர் தேர்ந்ததால் கலையாயிற்று. அது தொலைந்தபின், அதே ஆலைப்பொருளை அதே தோற்றத்தில் கைவினைஞர் அரும்பாடுபட்டுக் கையால் செய்தனர். எளிதிற் கிடைத்தது அரிதிற் கிடைப்பதாயிற்று. விலைக்கு எதிராக எழுந்த வினாவே விலைப்பொருளாயிற்று. அப்பீங்கான் கலத்தின் படி ஒன்று 1999ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் பதினேழு இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. 2004ஆம் ஆண்டு பிரித்தானியக் கலைத்துறையினர் 500 பேரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், நவீனக் கலையில் மிகுந்த தாக்கம் விளைத்த படைப்பாக அதுவே முதலிடம் பெற்றது. பாரிசின் பொம்பிடு மையத்தில் இருந்த படியை 2006ஆம் ஆண்டு ஒருவர் சுத்தியலால் தாக்கினார். அவர்மீது வழக்கு நடந்தது. ஒருகாலத்தில் குப்பைக்குச் சென்றவை இன்று காவலுக்குள் உள்ளன.

1968ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவு, நண்பர்களோடு உணவருந்தி மகிழ்ந்திருந்து அவர்களை வழியனுப்பியபின், பாரிசை அடுத்த நெய்யி என்னும் ஊரில் டுஷாம்ப் காலமானார். அகவை 81. ரூவான் நகரில் குடும்பக் கல்லறையில் அவர் அடக்கம் பெற்றார்.

மதிப்பீடு

பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு பித்தளைத் தொட்டி உள்ளது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முகம்மது இப்னு அல்ஸைன் என்னும் கைவினைஞர் வெள்ளியும் பொன்னும் பதித்துச் செய்தது. கைகழுவும் தொட்டியாக வடிவெடுத்த அது பிரான்சு சென்று, அரசகுடும்பத்துக் குழந்தைகளின் ஞானமுழுக்குத் தொட்டியாயிற்று. 1606ஆம் ஆண்டு பதின்மூன்றாம் லூயிக்கு ஞானமுழுக்கு அளித்ததும் அதில்தான். இன்று அது கலைப்பொருள். இடம் மாறப் பொருளின் பொருளும் மாறும் என்னும் உண்மை டுஷாம்பிற்கு ஆறு நூற்றாண்டுக்கு முந்திய அத்தொட்டியிலும் விளங்குகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொட்டியைச் செய்தவர் தம் பெயரை அதில் ஆறு இடங்களில் பொறித்துள்ளார். டுஷாம்ப் தேர்ந்த சட்டகத்தை முடுக்கியவர் யார், மண்வாரியை அடித்தவர் யார், பீங்கானைச் சுட்டவர் யார் என எவரும் அறியார். தேர்ந்தவரின் பெயர் நிலைத்தது; செய்தவரின் பெயர் மறைந்தது. டுஷாம்பைப் போற்றும் நூல்களிலும் இக்குறை பெரிதும் பேசப்படுவதில்லை.

1964ஆம் ஆண்டுப் படிகளுக்கு அவர் ஒப்புதல் அளித்ததையும் நாம் நிறையென்று கொள்ள இயலாது. அரிதாக்கி விற்பதை மறுத்த கொள்கை அன்று தளர்ந்தது. அவரைப் பின்பற்றி எழுந்தோருள் பலர், வினாவை விட்டு வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டதும் மறுக்கவியலாத உண்மை. கையில் கிடைத்ததையெல்லாம் கலை என்பது டுஷாம்பின் கொள்கையன்று. வாழ்நாள் முழுவதிலும் அவர் தேர்ந்த பொருள்கள் மிகச் சிலவே. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணம் இருந்தது.

அவ்வெண்ணமே அவர்தம் பெருமை. செயலுக்கு முன்னே நிற்கும் எண்ணத்தை நிய்யத் என வழங்கி, தொழுகைக்கும் நோன்புக்கும் அதனையே வாயிலாகக் கொண்ட மரபில் வந்த நம் மாணவர்க்கு, கையின் வினைக்கு முன்னே மனத்தின் தேர்வு நிற்கிறது என்பது புதிய செய்தியன்று. வழிபாட்டின் நிய்யத் வேறு, கலைஞரின் நோக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது. எனினும் ஒரு செயலின் மதிப்பை அதன் புறத்தோற்றம் ஒன்றைக் கொண்டே முடிவுசெய்தல் ஆகாது என்னும் அளவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் டுஷாம்பிடம் ஒரு பாடம் உண்டு. புலவர் எவரும் சொற்களைப் புதிதாய்ச் செய்வதில்லை. ஊரார் வாயில் நாள்தோறும் புழங்கும் ஆயத்தச் சொற்களையே அவர் தேர்கிறார், வேறிடத்தில் வைக்கிறார், அப்போது பழகிய சொல் புதிய ஒளி பெறுகிறது. கவிதை பயில்வோர் தம் சொல்லைத் தாமே தேர்கின்றனரா, பழக்கம் தேர்ந்து தந்ததை எழுதுகின்றனரா என ஒவ்வொரு வரியிலும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். அடுத்தமுறை ஒரு சீப்பையோ மிதிவண்டிச் சக்கரத்தையோ கையில் எடுக்கும்போது, இதனைச் செய்த கை யாருடையது, இதற்கு மதிப்பு தருவது யார் என்னும் இரு வினாக்கள் மாணவர் உள்ளத்தில் எழுமாயின், டுஷாம்பின் வாழ்வைக் கற்றதன் பயன் அதுவேயாகும்.